இருபத்தெட்டு நாள் ஈரம்

எங்கள் வீட்டுக்காரர் முப்பத்திரண்டு வருஷம் ஊராருடைய கைகால்களை அசையவிடாமல் வைத்திருந்தவர். பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறைக்கு அடுத்ததாக மாவுக்கட்டு அறை என்று ஒன்று இருந்தது. அங்கேதான் அவருக்கு வேலை. எலும்பை இழுத்து நேராக்குவது டாக்டர்; நேரான எலும்பு மறுபடி கோணிக்கொள்ளாமல் கட்டுப் போடுவது இவர். ஆனால் டாக்டரை யாருக்கும் நினைவிருக்காது. கட்டுப் போட்டவரை மட்டும் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டார்கள். காய்கறிக் கடை, பஸ், பாங்க் வரிசை என்று எங்கே போனாலும் யாராவது ஒருவர் சட்டைக் கையை மேலே ஏற்றிவிட்டு, "சார், நீங்க போட்ட கட்டுதான், இப்ப எப்படி இருக்கு பாருங்க" என்று முழங்கையை மடக்கி நீட்டிக் காட்டுவார். தக்காளி பொறுக்குவதை விட்டுவிட்டு நானும் நின்று முன்பின் தெரியாதவர் முழங்கையை மெச்ச வேண்டும். இவர் அதைத் தொட்டுத் திருப்பி, "ம், நல்லா கூடியிருக்கு" என்பார். வீட்டுக்கு வந்த பிறகு யாரது என்று கேட்டால், "ஆள் யாருன்னு தெரியல. அந்த எலும்பு ஞாபகம் இருக்கு" என்பார்.

இதை நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். என் பேச்சை அவள் பள்ளிக்கூடத் தமிழாக மாற்றிக்கொள்ளட்டும், பரவாயில்லை. என் கோபத்தை மட்டும் குறைத்து எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். அவள் அப்பாவைக் கொண்டு பிறந்தவள், எதையும் நீவிவிடத்தான் பார்ப்பாள்.

நீவுவது என்றால் அவருக்கு அப்படி ஒரு பழக்கம். வெதுவெதுப்பான தண்ணீர் வாளியில் மாவுத்துணிச் சுருளை முக்கி, குமிழ் வருவது நிற்கும் வரை காத்திருந்து, இரண்டு பக்கமும் பிடித்து லேசாகப் பிழிந்து, கையிலோ காலிலோ சுற்றிக்கொண்டே போக வேண்டும். பிறகு அது இறுகுவதற்குள் நீவ வேண்டும். உள்ளங்கையால்தான் நீவ வேண்டும். விரல் நுனி படவே கூடாது. நுனி பட்டால் மாவில் பள்ளம் விழும். பள்ளம் உள்ளே சதையை அழுத்தும். ஆறு வாரம் கழித்துப் பிரித்தால் புண் இருக்கும். அதனால் அவர் வீட்டிலும் விரல் நுனியை உபயோகிக்காத மனுஷனாகிவிட்டார். லைட் சுவிட்சைக்கூட உள்ளங்கையால்தான் தட்டுவார். மகளைத் தூங்க வைக்கும்போது முதுகில் உள்ளங்கையை வைத்து அப்படியே நீவுவார். ஐந்து நிமிஷத்தில் குழந்தை தூங்கிவிடும். அந்தக் கைக்கு அப்படி ஒரு ராசி.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானும் அந்த அறையில் உட்கார்ந்தவள்தான். இருபத்து மூன்று வயதில் அவரைக்கொடிக்குப் பந்தல் கட்டப் போய் ஏணியிலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். கட்டுப் போட்டுவிட்டு, "ஆறு வாரம். அசைக்காதீங்க, நனைக்காதீங்க" என்றார். எல்லோரிடமும் அவர் சொல்கிற மந்திரம் அது. எனக்கோ செடி வாடினால் கை சும்மா இருக்காது. நாலாம் நாளே கட்டு ஊறிப்போய்த் திரும்பி வந்தேன். திட்டிவிட்டு வேறு கட்டுப் போட்டார். பத்து நாளில் அதையும் ஊறவைத்துக்கொண்டு வந்தேன். மூன்றாவது கட்டைப் போட்டு முடித்தவர் கையை விடாமல், "உங்க வீடு எங்க இருக்கு? நானே வந்து உங்க செடிக்குத் தண்ணி ஊத்திட்டுப் போறேன்" என்றார். வந்தார். அப்படி ஆரம்பித்ததுதான் எங்கள் குடித்தனம். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு நாளாவது செடிக்குத் தண்ணீர் ஊற்றினாரா என்று கேளுங்கள்.

வீடு சின்னது. தோட்டம் வீட்டின் அகலம்தான், ஆனால் நீளம் மட்டும் ரயில்பெட்டி மாதிரி போய்க்கொண்டே இருக்கும். பின்கதவைத் திறந்தால் மூன்று படி. இறங்கியதும் தண்ணீர்க்குழாய். அங்கிருந்து ஒற்றையடிப் பாதை. எலுமிச்சை மரத்தடியில் இடது பக்கம் திரும்பி, அவரைப் பந்தலையும் ரோஜாக்களையும் தாண்டி, கழிவுநீர்க்குழி வரை போகும். குழிக்கு அப்பால் பின்சுவர், சுவர் முழுக்க மல்லிகை. அந்த மண்ணில் ஒரு பிடிகூட என் கை படாதது இல்லை. மகளுக்குக் காய்ச்சல் வந்த கவலையும் என் அம்மா போன துக்கமும் அங்கேதான் தீர்ந்தது. உட்கார்ந்து களை பிடுங்கினால் போதும் எனக்கு. அவர் அந்தப் பக்கமே வர மாட்டார். சாப்பிடக் கூப்பிடுவதென்றாலும் படியில் நின்றே கூப்பிடுவார்.

ரிட்டயரான பிறகுதான் என் தோட்டத்துக்குச் சனி பிடித்தது.

கடைசி வாரத்தில் அவர் கட்டுப் பிரித்தவர்களில் செடிக்கடை நடத்தும் அம்மா ஒருவர். தொட்டி, பொம்மையெல்லாம் வீட்டிலேயே செய்கிறவர். மணிக்கட்டு உடைந்ததிலிருந்து பாரம் தூக்க முடியவில்லை என்று, இவருக்கு ஒரு மூட்டையும் ஒரு செய்முறையும் கொடுத்து அனுப்பியிருக்கிறார். மூட்டையில் இருந்தது பீட். சதுப்பில் காலங்காலமாக மட்கிய பாசி. பழுப்பு நிறம், பஞ்சு மாதிரி கனமே இருக்காது, பழைய மரப்பெட்டியைத் திறந்தால் வருமே, அந்த வாசனை. சிமெண்ட் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, சலித்த பீட் இரண்டு பங்கு. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துப் பிசைய வேண்டும். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் உருண்டை உடையக் கூடாது, விரலிடுக்கில் இரண்டு சொட்டுக்கு மேல் தண்ணீர் வரவும் கூடாது. அதைக் கம்பிவலைக் கூட்டின் மேல் அப்பி உருவம் பிடித்தால், காய்ந்த பிறகு நூறு வருஷத்துக் கல் மாதிரி இருக்கும், ஆனால் கனம் பாதிதான்.

"மாவும் தண்ணியும்தான். இது நமக்குத் தெரியாததா" என்று சொல்லிக்கொண்டு இறங்கினார். அலுமினியப் பாத்திரம் ஒன்று, என் பழைய சல்லடை, ரப்பர் கையுறை, மகளின் பள்ளிக்கூட ஏப்ரன். முதலில் ஒரு முயல். அவர் முயல் என்று சொன்னதால் முயல். உள்ளங்கையால் மட்டுமே நீவிச் செய்ததால் அதற்குக் காது என்று தனியாக ஒன்று கிடையாது, மூக்கும் கிடையாது. தலையணை உட்கார்ந்திருப்பது போல உட்கார்ந்திருந்தது.

சரியாக அன்று சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. "ஐயோ, நனைஞ்சிடும்!" என்று ஓடினார். வீட்டிலிருந்த ஒரே மழைக்கோட்டை எடுத்துப் போய் முயலுக்குப் போர்த்தினார். மழைக்கோட்டுக்குச் சொந்தக்காரி நான், துணி எடுக்கக் கொடியடியில் நனைந்துகொண்டு நிற்கிறேன்! அதற்கப்புறம் ஒரு வாரம் அந்த முயலுக்குக் கொடுத்த உபசாரம் கொஞ்சமில்லை. வெயில் பார்த்து நகர்த்தினார், மின்விசிறி காட்டினார், ஈரத்துணியோடு நான் பக்கத்தில் போனால்கூடக் கத்தினார். எட்டாம் நாள் ஆசையாகத் தூக்கினார். பிஸ்கட் மாதிரி உதிர்ந்து பாதி கையோடு வந்தது.

பக்கத்து வீட்டுக் கொத்தனார் மதில் மேல் கையை ஊன்றிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, சிரித்த சிரிப்பில் அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"சார், இது உங்க ஆஸ்பத்திரி மாவு இல்ல. சிமெண்ட்டு. காயக் காய செத்துடும். இருபத்தெட்டு நாள் ஈரம் காயாம பாத்துக்கணும், அப்பதான் இறுகும்."

"நனைச்சா இறுகுமா?"

"நனைச்சாத்தான் இறுகும்."

முப்பத்திரண்டு வருஷம் ஒரே மந்திரத்தைச் சொன்னவர் ஆடிப்போய்விட்டார். அடுத்த பொம்மையைச் செய்துவிட்டுக் குவளையில் தண்ணீரோடு அதன் முன் நின்றார். கை வரவில்லை. நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன். "என்னால முடியாது. நீ ஊத்து. உனக்குத்தான் கட்டை நனைச்சுப் பழக்கம்" என்று குவளையை என்னிடம் நீட்டினார். அன்றிலிருந்து செய்வது அவர், தண்ணீர் விடுவது நான். காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் பிளாஸ்டிக் தாளைத் தூக்கி நனைத்து, மறுபடி மூட வேண்டும். அவருடைய முப்பது வருஷ வேலையில் எனக்கு ஒரு பங்கும் இருந்ததில்லை. இதில் பாதி என்னுடையது. சொல்லாமல் என்ன, எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அந்தச் சந்தோஷத்தை முழுசாக அனுபவிக்க முடியாதபடி எனக்குள் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. என் கண் போய்க்கொண்டிருந்தது. நேரே பார்த்தால் தெரியும். இரண்டு பக்கமும் யாரோ திரையை இழுத்துக்கொண்டே வருவது போல இருக்கும். அவருடைய ஆஸ்பத்திரிக்குப் போனால் சாயங்காலத்துக்குள் அவர் காதுக்கு வந்துவிடும் என்று இரண்டு பஸ் மாறி வேறு ஊர்க் கண் டாக்டரிடம் போய்க் காட்டினேன். "கண்ணுக்குள்ள அழுத்தம் கூடி நரம்பு போயிட்டிருக்கும்மா. போனது திரும்பாது. சொட்டு மருந்து விட்டா இருக்கிறதைக் கொஞ்ச நாள் பிடிச்சு வைக்கலாம்" என்றார். சொட்டு மருந்தை விதை டப்பாவுக்குள் ஒளித்து வைத்தேன்.

ஏன் மறைத்தேன் என்றால், இவரை எனக்குத் தெரியும். எந்தக் கஷ்டத்தோடு யார் வந்து நின்றாலும் இவர் சொல்கிற பதில் ஒன்றுதான்: அசையாதே. கண் போகிறது என்று தெரிந்தால் முதல் வேலையாக நான் தோட்டத்துக்குப் போவதை நிறுத்திவிடுவார். கண் போவதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். மண்ணும் செடியும் என்னை விட்டுப் போய்விட்டால் நான் நாற்காலியில் உட்கார்த்தி வைத்த மூட்டைதான். அந்தப் பயத்தில் ஒன்றரை வருஷம் அவர் கண்ணில் மண்ணைத் தூவினேன்.

ஒரு மத்தியானம் அது முடிந்துபோனது. தண்ணீர் விட்டுத் திரும்பும்போது பாதை ஓரத்தில் இருந்த பொம்மை தடுக்கி முகம் குப்புற விழுந்தேன். பொம்மை இரண்டாகப் போயிற்று. முழங்காலுக்குக் கீழே தோல் வழன்று ரத்தம்.

"நடுவழியில கொண்டு வந்து வைக்கிறீங்களே, அறிவு இருக்கா உங்களுக்கு?" என்று கத்தினேன். குற்றம் நம்முடையதாக இருக்கும்போது குரல் தானாக ஏறும்.

அவர் ஓடி வந்து காலைப் பிடித்து அழுத்திப் பார்த்தார். "எலும்புக்கு ஒண்ணும் ஆகல." பிறகு பொம்மையைப் பார்த்தார், பாதையைப் பார்த்தார். "நடுவழியில இல்லியே. ஓரமாத்தானே வச்சிருந்தேன்?"

நான் முந்தானையால் ரத்தத்தைத் துடைத்தேன்.

"என்னைப் பாரு. என் மூக்கையே பாரு."

"முப்பது வருஷமா அதைத்தானே பாத்துட்டிருக்கேன்."

"இப்ப என் வலது கை எங்க இருக்கு?"

"மடியில."

காதோரமாகச் சொடக்குச் சத்தம் கேட்டது. தூக்கிவாரிப் போட்டது. கை அங்கே இருந்திருக்கிறது.

"எத்தனை நாளா?" என்றார். சொன்னேன். ஈர மண் என்றுகூடப் பார்க்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். மூக்கைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்ன முதல் வார்த்தை, நான் பயந்த அதே வார்த்தை: "இனிமே நீ தோட்டத்துக்குத் தனியா வரக் கூடாது."

"எனக்கென்ன எலும்பா உடைஞ்சிருக்கு? ஆறு வாரத்துல பிரிச்சு விட்டுடுவீங்களா? இது பிரிக்கிற கட்டு இல்லீங்க" என்றேன்.

சாயங்காலமே பின்கதவில் மேலே எனக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் வந்துவிட்டது. நான் இரண்டு நாள் அவரிடம் பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டைச் சத்தமாக வைத்தேன், அவ்வளவுதான் எங்களுக்குள் பேச்சு. மூன்றாம் நாள் காலையில் தோட்டத்தில் ஏதோ சரிந்து விழுகிற சத்தம். அதோடு அவர் குரலும். ஜன்னலுக்கு ஓடினேன். மீதியிருந்த என் பார்வைக்கு எலுமிச்சை மரத்தடியில் அவர் தெரிந்தார். கண்ணைச் சுற்றி ஆஸ்பத்திரிப் பட்டைத்துணியால் நாலு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தார். நெற்றியில் கிளை கிழித்திருந்தது. துழாவிக்கொண்டே எழுந்தார், மறுபடி நடந்தார், பந்தல் காலில் முட்டிக்கொண்டார். என்னைத் தோட்டத்துக்குப் போகக் கூடாது என்ற அதே மனுஷன்தான்.

உள்ளே வந்து கட்டை அவிழ்த்தார். என்னைப் பார்க்காமல் தாழ்ப்பாளைக் கழற்றிக்கொண்டே சொன்னார்:

"எலுமிச்சைகிட்ட திரும்புறதுதான் கஷ்டமா இருக்கு. அங்க ஒரு பொம்மை வைக்கணும், தொட்டா தெரியற மாதிரி. குழாய்கிட்ட ஒண்ணு. குழிக்கு முன்னாடி பெருசா ஒண்ணு."

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது எனக்கு. நெற்றிக்கு மருந்து போட்டுவிட்டேன். பேச ஆரம்பித்தோம்.

அதிலிருந்து அவருக்கு ராத்தூக்கம் தவிர மற்றதெல்லாம் சிமெண்ட்தான். கண் இல்லாத கை தொட்டதும் இது இன்னது என்று தெரிய வேண்டும். தெரிந்தால்தான் நான் எங்கே நிற்கிறேன் என்று தெரியும். தலையணை மாதிரி நீவி வைத்தால் எல்லாம் ஒன்றுதான். ஆக, விரல் நுனியை உபயோகித்தே ஆக வேண்டும். பாவம், அதற்கு அவர் பட்ட பாடு! செய்து ஒரு நாள் கழித்து, இறுகியும் இறுகாமலும் இருக்கும்போது பழைய கத்தியாலும் கம்பி பிரஷாலும் கீறிக் காது, கண், செதில் எல்லாம் எடுக்க வேண்டும். கத்தியை வைப்பார், எடுப்பார். "வலிக்காதா இதுக்கு" என்பார். "ஆமா, அழுவுது பாருங்க, சீக்கிரம் கீறுங்க" என்பேன்.

முதலில் என் கை தேறவில்லை. அவர் விரலும் தேறவில்லை. என் கண்ணைப் பொத்திக் கூட்டிப் போய்க் கையைப் பிடித்து மேலே வைப்பார். "சொல்லு பாப்போம்."

"பன்னி."

"தப்பு. ஆந்தை."

"ஆந்தைக்கு ஏன் நாலு கால்?"

"ரெண்டு காலு, ரெண்டு கிளை. நல்லா தடவிப் பாரு."

"கிளைக்கு எதுக்கு நகம்?"

"தொட்டதுக்கெல்லாம் குத்தம் சொல்லு" என்று கோபித்துக்கொண்டு கத்தியை எடுக்கப் போவார். அந்த ஆந்தை ஏழு தரம் திருத்திய பிறகுதான் எலுமிச்சை மரத்தடிக்குப் போயிற்று. குழாயடிக்கு ஆமை. பந்தல் முனையில் அணில். குழிக்கு இரண்டடி முன்னால் ஒரு பெரிய பன்றி. இதுதான் எல்லை, பன்றி வந்தால் நின்றுவிட வேண்டும். பழசு மாதிரி பாசி பிடிக்க வேண்டும் என்று செடிக்கடை அம்மா சொன்னாராம், தயிரைக் கரைத்துப் பூசுவார். சாப்பிட உட்காரும்போது தயிர் இருக்காது. "எங்க தயிரு?" என்றால், "பன்னி முதுகுல" என்பார். பாசி பிடித்தது. ஒன்றன் பாசி மாதிரி இன்னொன்றுக்கு இல்லை. ஆமைக்கு வெல்வெட்டு, பன்றிக்குச் சொரசொரப்பு. உண்மையைச் சொன்னால், கடைசியில் நான் அடையாளம் கண்டது அவர் கீறிய காதாலும் கண்ணாலும் இல்லை, பாசியால்தான். அதை மட்டும் அவரிடம் சொல்லவேயில்லை.

ஆறு வருஷம் இப்படிப் போயிற்று. என் ஆயுசில் நல்ல காலம் எது என்று கேட்டால் கண் போன அந்த ஆறு வருஷத்தைத்தான் சொல்வேன். நாலாம் வருஷம் ஒரு காலையில், "இன்னைக்கு ஏன் இப்படி மேகமா இருக்கு?" என்று கேட்டேன். வெளியே பளிச்சென்று வெயில். அப்படித்தான் முழுசாகப் போனது. அன்றைக்கும் நான் தனியாகப் பன்றி வரை போய்விட்டு வந்தேன். அவர் படியை விட்டு இறங்கவில்லை. திரும்பி வந்ததும் என் முதுகில் உள்ளங்கையை வைத்தார்.

பின்சுவர் மல்லிகை மட்டும் எனக்கு எட்டாமல் இருந்தது. குழிதான் குறுக்கே இருந்ததே. ஒரு நாள் கொத்தனாரைக் கூப்பிட்டுக் குழிக்கு மேல் பலகைக்கல் போட்டு மூடினார். பன்றியைத் தள்ளி வைத்துவிட்டு, சுவரோரம் ஒரு புதுப் பொம்மைக்குக் கம்பிவலை கட்டினார். "அது வரைக்கும் போயிடலாம் இனிமே" என்றார். நான் மொத்தக் காலைப்பொழுதும் மல்லிகைக் கொடியடியில் உட்கார்ந்து அவர் அப்புகிற சத்தத்தைக் கேட்டேன். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "நாளைக்குக் கீறின அப்புறம் தொட்டுட்டுச் சொல்லு" என்றார். தாளைப் போர்த்திவிட்டு வந்து கைகழுவினார்.

அந்த 'நாளைக்கு' வரவேயில்லை. மறுநாள் காலை டீ குடித்துக்கொண்டிருந்தவர், "நெஞ்சு என்னவோ பண்ணுது" என்றார். கீறுகிற கத்தி சட்டைப் பையில் இருந்தது. கொத்தனார்தான் வண்டி பிடித்தார். அவருடைய ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனோம். மாவுக்கட்டு அறையில் வேலை செய்கிறவர்கள் மூன்று பேரும் ஓடி வந்து பக்கத்திலேயே நின்றார்களாம். மத்தியானத்துக்கு முன்னால் எல்லாம் முடிந்துவிட்டது.

வீடு நிறைய ஆட்கள். யார் யாரோ என் கையைப் பிடித்து அழுதார்கள், பாதிப் பேர் அவரிடம் கட்டுப் போட்டவர்கள். எனக்கு அழுகை வரவில்லை. சாயங்காலம் ஆயிற்று என்று உடம்புக்குத் தெரிந்தது. எழுந்து குவளையை எடுத்துக்கொண்டு பின்கதவைத் திறந்தேன். "பாவம், புத்தி பேதலிச்சுப் போச்சு" என்று ஒரு குரல். மகள் ஓடி வந்தாள். அவள் வேறு ஊரில் வேலை பார்க்கிறவள், அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தாள்.

"எங்கம்மா போற?"

"நேத்து வச்சது. ஈரம் காஞ்சிடும்."

ஆமை, ஆந்தை, அணில், பன்றி, பலகைக்கல். சுவரோரம் போய்த் தாளைத் தூக்கினேன். தண்ணீரை விட்டேன். சிமெண்ட் அதை உறிஞ்சுகிற சத்தம் லேசாகக் கேட்டது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

கூட்டம் கலைந்த பிறகு மகள் பேச்செடுத்தாள். "நீ இங்க தனியா இருக்க முடியாதும்மா. என்கூட வந்துடு." அவள் வீடு ஆறாவது மாடி. பால்கனியில் இரண்டு தொட்டி. அவள் சொல்வதில் தப்பில்லை, பெற்ற மகள் வேறென்ன சொல்வாள்? "இருபத்தெட்டு நாள் முடியட்டும், அதுக்கப்புறம் பேசலாம்" என்றேன். அவளும் சரி என்று ஆபீஸில் சொல்லிவிட்டு, சாப்பாட்டு மேஜையில் கம்ப்யூட்டரை வைத்து உட்கார்ந்தாள். அதற்குள்ளேயே என் துணிமணியைப் பெட்டியில் அடுக்கிவிட்டாள். ஜிப் இழுக்கிற சத்தம் எனக்குக் கேட்காதா?

முதல் நாட்களில் நான் தண்ணீரோடு போகும்போது பின்னாலேயே அவள் செருப்புச் சத்தம் வரும். "என்ன, நான் விழறதைப் பிடிக்க வர்றியா? உங்கப்பாவே அதை விட்டுட்டாரு" என்று திட்டினேன். பிறகு படியில் நின்று பார்த்தாள். பத்து, பன்னிரண்டு நாளுக்கப்புறம் மேஜையிலேயே இருந்தாள். நான் போய்வருகிற நேரம் முழுக்க அவள் தட்டுகிற சத்தம் மட்டும் நின்றுவிடும். இருபதாம் நாளுக்கு மேல் அந்தச் சத்தமும் நிற்கவில்லை. நான் வெளியே போனதையே கவனிக்காமல் யாரோடோ போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டே திரும்பி வந்தேன். அவ்வளவு நிம்மதி.

இருபத்தெட்டாம் நாள் தாளை எடுத்துவிட்டேன். அவளும் கூட வந்தாள். நன்றாக இறுகியிருந்தது. தட்டினால் கல் சத்தம். இரண்டு கையையும் வைத்தேன். மடியில் வைத்துக்கொள்ளும் அளவு இருந்தது. மேலே உருண்டை, ஒரு பக்கம் சரிவு, முன்னால் இரண்டு மேடு, நடுவில் ஒரு குழைவு. காது எடுக்கவில்லை, கண் எடுக்கவில்லை, ஒரு கீறல் இல்லை. வெறும் உள்ளங்கையால் நீவி வைத்தது. திரும்பத் திரும்பத் தடவினேன்.

"அம்மா, இது வந்து..." என்றாள் மகள்.

"வாயைத் திறக்காதே."

திறக்கவில்லை. கண் இருப்பவர்களுக்காவது அது என்னவென்று தெரிகிறதா, தெரியவில்லையா, அதுகூட எனக்குத் தெரியாது. இதை எழுதும் இந்த நிமிஷம் வரை அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் பீரோ திறக்கிற சத்தமும் ஹேங்கர்கள் ஒன்றோடொன்று இடிக்கிற சத்தமும் கேட்டது. என் துணியெல்லாம் பழையபடி உள்ளே போயிற்று. ஞாயிற்றுக்கிழமை அவள் மட்டும் ஊருக்குக் கிளம்பினாள். மாதம் ஒரு தரம் வருகிறாள், வந்த நேரத்தில் இதை எழுதிக்கொண்டிருக்கிறாள்.

அதற்கு இப்போது தண்ணீர் தேவையில்லை. இருந்தாலும் காலையில் செடிக்கெல்லாம் விட்டு முடித்ததும் சுவர் வரை போகிறேன். மேலே கையை வைத்து ஒரு பெயர் சொல்கிறேன். கோழி என்று சொல்லியிருக்கிறேன், தூங்குகிற பூனை என்று சொல்லியிருக்கிறேன், நேற்று யானைக்குட்டி என்றேன். சொல்லிவிட்டு, "தப்பு" என்று அவர் சொல்வதற்காகக் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கிறேன்.